ஏரிக்கரை இரும்புக்குப் பொட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நேற்று கூரத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த அம்மாள், கம்பியைப் பிடித்து நின்ற ஒருவரிடம் சொன்னாள்:

“ஏரிக்கரையில நீ நட்டு வெச்ச இரும்புக்கு நான்தான்பா பொட்டு வெச்சேன்.”

“அது சாமி இல்லக்கா, சிற்பம். காத்துக்குக் கோரை எப்படி சாயுதோ, அப்படியே இரும்பை வளைச்சேன்.”

“தெரியும்பா. நீ ஊருல இல்லாதப்போ பழைய இரும்புக்காரன் வண்டியோட வந்துட்டான். ஓடிப்போய் மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, கற்பூரம் ஏத்திட்டேன். கன்னத்துல போட்டுக்கினு போயிட்டான்.”

அவர் சிரித்தார். பிறகு கை கூப்பினார்.

“ஒரு வருச உழைப்பு அக்கா. நீங்க இல்லன்னா இந்நேரம் தராசுல ஏறியிருக்கும்.”

“அத்தப் பாத்துக்கினுதான் தினம் பக்கத்து வயல்ல களை எடுக்கறேன். காத்தடிச்சா கோரையோட அதுவும் ஆடற மாதிரியே இருக்குது. நான்தான் உனக்குக் கும்பிடு போடணும்.”

“அப்ப பொட்டை அழிச்சிடவா?”

“வாணாம்பா, இருக்கட்டும். அவன் மறுபடியும் வருவான்.”

பேத்தி செல்வி, நான் சொன்னபடி எழுதினாயா? படித்துக் காட்டு. மஞ்சள் பூசிய இடத்தை மட்டும் இரண்டு தடவை படி.