குழாய் பிடிக்க ஓர் ஆள்

— மறுபடி சொல்லு. எஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சதை நீ பாத்தா என்ன செய்வ?

— இஃப் ஐ சீ... சா. இஃப் ஐ சா எ ஃபயர்... ஐ... ஐ...

— ஐ, ஐன்னு இழுக்காத. தீ எரியுது. உள்ள ஆளு கருகுதான். வாயத் தொற, ரெக்சா!

— ஐ... ரன்.

— ஓடிருவியா? செத்த மூதி! கேப்டன் ஒன்னைத் தூக்கிக் கடல்ல எறிவான். நீட்டு கையை.

— யக்கா, ஸ்கேலைக் கீழ வை. எனக்கு இருபத்திநாலு வயசு.

— அடுத்த மாசம் இருபத்தஞ்சு. அதுக்கு மேல அந்தக் கப்பல் கம்பெனி டெக் வேலைக்கு ஆளு எடுக்காது. நாளைக்குப் பத்து மணிக்கு நடக்கது ஒனக்குக் கடைசி இன்டர்வியூ. அதான் அடிக்கேன். நீட்டு!

— ஆ! எலும்புல பட்டுட்டு.

— படட்டும். சொல்லு, ஐ வுட் ரெய்ஸ் தி அலாரம். மணியடிச்சி எல்லாரையும் எழுப்புவேன். இன்னும் நடக்கல, நடந்தா என்ன செய்வோம்னு நெனைச்சுச் சொல்லுதோம், அதுக்கு வுட். என்னால முடியும்னா குட். நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போலாம்னா மைட். எத்தனை தடவை சொல்லிட்டேன்?

— நடக்காததையே எதுக்குக்கா இம்புட்டு கேக்கானுவ? நடந்ததைக் கேட்டா நான் சொல்லுவேன்.

— கப்பல்ல போறவன் எல்லாத்தையும் முன்னாலயே நெனைச்சு வச்சிருக்கணும்லா. தீ வந்த பொறவு உக்காந்து யோசிப்பியோ? அடுத்தது. கூட நிக்கவன் கடல்ல விழுந்துட்டான். என்ன செய்வ?

— இஃப் எ மேன்... ஃபால்... வரலக்கா. விடு. என் மண்டைக்கு இங்கிலீஷ் ஏறாது. சங்கு எடுக்கப் போற வள்ளத்துல கெடக்கவனுக்கு எதுக்கு இதெல்லாம்.

— ஏறாது?

— ஏறாது.

— புஸ்தகத்தை மூடு. என் மூஞ்சிய நேராப் பாரு. நேத்து காலைல பெர்சி போன் பண்ணினா.

— எந்தப் பெர்சி?

— ஏஜென்ட் ஆபீஸ்ல முன்னால உக்காந்திருக்காளே, என்கூட காலேஜ்ல படிச்சவ. மூணு தடவையும் இன்டர்வியூக்கு உள்ள போயி ஊமை மாதிரி நின்னுருக்க. வெளிய வந்து, வாசல்ல நின்ன பிலிப்பைன்ஸ்காரன்கிட்ட அரை மணி நேரம் இங்கிலீஷ்ல பேசிச் சிரிச்சிருக்க. புயல் அடிச்சா ஒங்க கப்பல்ல என்ன செய்வீங்க, ஆளு செத்துப்போனா பொணத்தை எங்க வப்பீங்கன்னு கேட்டியாம். ஒரு சொல்லு தப்பலயாம்.

— அவ வேற எவனையோ பாத்துட்டு நான்னு நெனைச்சிருப்பா.

— இந்தா!

— யக்கா, கன்னத்துல அடிக்காத!

— அடிக்கத்தான் செய்வேன். பள்ளிக்கூட வேலைய ஒங்கத்தான் விடச் சொன்ன பொறவு நான் சொல்லிக்குடுத்த ஒரே பிள்ள நீதாம்ல. எனக்கு ஒண்ணும் சொல்லித்தரத் தெரியலன்னு தெனமும் மனசு வெந்துக்கிட்டு இருந்தேன். நீ வேணும்னே தோத்துட்டு வந்திருக்க. மூணு தடவை! எதுக்குல? சொல்லு, இல்லன்னா இந்த ஸ்கேல் ஒன் முதுகுலதான் ஒடியும்.

— இஃப் ஐ கோ, ஹி வில் கில் யூ.

— என்ன சொன்ன?

— நான் போயிட்டா ஜெரால்டு அத்தான் உன்னைக் கொன்னுருவான். நெனைச்சுப் பாத்துச் சொல்லல. கண்டிப்பா நடக்கும், அதான் வில்லு. நீ சொல்லித்தந்ததுதான்.

— மெதுவாப் பேசு. பக்கத்துல கிருபாபாய் அக்கா வீட்டுல இருக்கு.

— அந்தக்கா கேக்காததா? போன வருசம் பெரிய வியாழன் அன்னைக்கு நீ கத்துனதைத் தெருவே கேட்டுச்சி. கொழம்புல உப்பு கூடிட்டுன்னு சங்கைத் தூக்கி உன் வாயில எறிஞ்சான். ரெண்டு பல்லு போச்சி. குசினித் தரையில கெடந்த ரத்தத்தை நாந்தான் தொடச்சேன். பல்லைப் பொறுக்கி எங்க போடன்னு தெரியாம சட்டைப் பைக்குள்ள வச்சிக்கிட்டு அலைஞ்சேன்.

— அது முடிஞ்ச கதை.

— தானா முடியல. நான் முடிச்சேன்.

— என்ன செஞ்ச?

— ஈஸ்டர் கழிஞ்சி மொத நாள் தொழிலுக்குப் போனோம்லா. எட்டுப் பாகம் ஆழம். அவன் அடியில சங்கு பொறுக்குதான். மேல வள்ளத்துல கம்ப்ரசர் ஓடுது, அதுலயிருந்து அவன் வாய்க்குக் காத்து போற குழாய் என் கையில. எவனும் அந்தக் குழாயை அந்நியன்கிட்ட குடுக்க மாட்டான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் பிடிக்கணும். அவன்தான் அக்கா தங்கச்சி தாலிய அறுக்க விடமாட்டான்னு ஒரு நம்பிக்கை. முத்துக் குளிச்ச காலத்துலயிருந்து இங்கன அப்படித்தான்.

— தெரியும்ல. நீ என்ன செஞ்சன்னு சொல்லு.

— குழாயை மடக்குனேன். முழங்காலுக்கு அடியில வச்சி அழுத்துனேன்.

— சேசுவே!

— எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கீழயிருந்து குழாய் வெட்டி வெட்டி இழுக்கு, வேளா மீனு மாட்டுன மாதிரி. இருபதுல, எஞ்சின் பாக்குற சுடலைராஜ் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். நாப்பதுல விட்டேன்.

— ஏன் விட்ட?

— என்னக்கா கேக்க?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— மேல வந்தான். மூக்குல ரத்தம், காதுல ரத்தம். கண்ணு ரெண்டும் பிதுங்கி நின்னுச்சி. வள்ளத்து ஓரத்தைப் பிடிச்சிக்கிட்டு வாந்தியெடுத்தான். நான் குனிஞ்சி முடியைப் பிடிச்சித் தலையத் தூக்குனேன். அக்கா மேல இனி கை வச்சா நாப்பதுல நிக்காதுன்னு சொன்னேன். ஐ குட் ஹேவ் கில்ட் ஹிம். முடிஞ்சிருக்கும்க்கா. செய்யல.

— அதுக்குப் பொறவும் ஒன்னைத்தான வள்ளத்துல வச்சிருக்கான்?

— மச்சினனை எறக்கிவிட்டா ஏன்னு கடற்கரையில கேப்பாங்கல்லா. பொண்டாட்டி தம்பிக்குப் பயந்துட்டேன்னு சொல்லுவானா? பல்லைக் கடிச்சிட்டு எறங்குதான். தண்ணிக்குள்ள போகும்போது தெனமும் என் கையத்தான் பாத்துட்டுப் போறான். பதினோரு மாசம் ஆச்சி. உன் மேல ஒரு அடி விழுந்திருக்கா? நான் மும்பைக்குப் போயிக் கப்பல் ஏறிட்டா அவனுக்கு என்ன பயம்? அதான் தோத்தேன். நாளைக்கும் தோப்பேன். வயசு தாண்டிரும், நிம்மதி. ஏன்க்கா சிரிக்க?

— பதினோரு மாசமா அடி விழலன்னு ஒனக்கு யாருல சொன்னா?

— மூஞ்சியில ஒரு காயமும் இல்லியே. கையில...

— மூஞ்சிய நீ பாப்ப. கையப் பாப்ப. அவனுக்கு அது தெரியாதா? குனி. குனில! உள்ளங்காலைப் பாரு.

— மாதாவே! என்னக்கா இது... தோலே இல்ல. ரெண்டு காலும் கறுத்து...

— தொடாத, வலிக்கும். பழைய காத்துக் குழாய்ல ஒண்ணரை முழம் வெட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுருக்கான். குப்புறப் படுன்னுவான். கத்துனா வாயில துணிய அடைப்பான். ஒன் தம்பி எனக்கு எண்ணுனாம்லா நாப்பது, இப்ப நீ எண்ணுளாம்பான். விஜிலா டீச்சர்லா, இங்கிலீஷ்லயே எண்ணும்பான். நடுவுல விட்டுட்டா மறுபடி ஒண்ணுலயிருந்து.

— நாப்பதா?

— நாப்பது. சனிக்கிழமை மட்டும் கெடையாது. மறுநாள் நான் பூசைக்கு நடந்து வரணும்லா.

— பதினோரு மாசமாவா? நான் செஞ்சதுக்கா உனக்கு இந்த அடி? யக்கா, ஏன் என்கிட்ட சொல்லல?

— சொன்னா மறுநாளே நீ மடக்குன குழாயை விட்டிருக்க மாட்ட. நாப்பது நானூறாயிருக்கும். ஒன் கையில விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போறதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நீ கப்பல் ஏறிட்டாப் போதும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். நீ என்னடான்னா எனக்காவ வேணும்னு தோத்துட்டு இருந்திருக்க. நாம ரெண்டு பேரும் பொத்திப் பொத்தி வச்சி, அவனுக்குத்தாம்ல வசதி பண்ணிக் குடுத்திருக்கோம்.

— இப்ப எங்க இருக்கான்?

— சங்கு குடோன்ல. உக்காரு.

— மீனு வெட்டுற கத்தி எங்க?

— ரெக்சா! குசினிக்குள்ள போகாத. ஏலே, கத்தியக் கீழ போடு!

— தள்ளுக்கா.

— தள்ள மாட்டேன். வாசல்ல குறுக்க நிக்கேன், என்னை வெட்டிட்டுப் போ.

— குடோன் வாசல்லயே போட்டுக் கொடல உருவுதேன். எல்லாரும் பாக்கட்டும். தள்ளுன்னு சொல்லுதேம்லா!

— கத்திய விடுல. ஒன் கையை நான் விட மாட்டேன், கடிச்சிருவேன்... ஐயோ! கால்!

— யக்கா... மிதிச்சிட்டேனா? யக்கா, தெரியாம மிதிச்சிட்டேங்க்கா. ரத்தம் வருதே!

— வரட்டும். கத்தியக் குடு. என் கையில குடு. அப்படி. இப்ப அழு. அழுதுட்டு உக்காரு.

— போலீசுக்குப் போவோம்.

— ஒனக்குத் தெரியாம ரெண்டு தடவை போயிட்டு வந்தேன். புருசன் பொண்டாட்டி சண்டைன்னு எழுதிக்கூட வாங்கல. சாமியார்கிட்ட போனேன். அவனைக் கூப்பிட்டுப் பக்குவமாப் புத்தி சொல்லி அனுப்புனாரு. அன்னைக்கு எண்பது.

— அப்ப என்கூட வந்துரு. நான் கப்பல் ஏறுன பொறவு ஒரு வீடு பாத்து...

— ஏறுனா ஒம்பது மாசம் கழிச்சுத்தான எறங்குவ. ஒம்பது மாசத்துக்கும் நாப்பது நாப்பதா எண்ணிப் பாரு. அம்மா அப்பா இருந்தா அங்கன போயிக் கெடப்பேன். அதுவும் இல்ல. எங்க போனாலும் அவன் தேடி வருவான்ல. பொண்டாட்டி ஓடிட்டான்னு பேரு வந்துட்டா கடற்கரையில தலை நிமிர்ந்து நடக்க முடியாதாம், அப்ப வெட்டுவேன்னு சொல்லிட்டான். அவன் சொன்னா செய்வான்.

— அப்ப நான் போகல. முடிஞ்சிது.

— நீ போற. இன்னும் நாப்பது வருசம் நீ அந்த வள்ளத்துல உக்காந்து அவனுக்குக் குழாய் பிடிப்பியோ? எனக்காவ ஒருத்தன் வாழாமப் போனான்னு நான் சாவ முடியாது. பதில் சொல்லு. கூட நிக்கவன் கடல்ல விழுந்துட்டான், என்ன செய்வ?

— இப்ப எதுக்குக்கா இது?

— சொல்லுல!

— இஃப் எ மேன் ஃபெல் ஓவர்போர்ட், ஐ வுட் த்ரோ எ லைஃப்பாய். ஐ வுட் ஷவுட். ஐ வுட் நாட் டேக் மை ஐஸ் ஆஃப் ஹிம். அவன் மேலயிருந்து கண்ணை எடுக்க மாட்டேன்.

— பாவிப் பயலே! இம்புட்டையும் நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டா ஐ, ஐன்னு நடிச்ச? நாளைக்கு அவங்க முன்னால இதே மாதிரி சொல்லணும். மாதா மேல சத்தியம் பண்ணு.

— யக்கா...

— பண்ணு. இந்தக் காலைத் தொட்டுப் பண்ணு.

— பண்ணுதேன். மாதா மேல சத்தியமா ஒழுங்காச் சொல்லுவேன். ஆனா நான் போயிட்டா குழாய் பிடிக்க சுடலைராஜைத்தான போடுவான். அவன் அத்தான் காலால இட்டதைத் தலையால செய்யுறவன். அப்புறம் தண்ணிக்குள்ள எறங்கும்போது அத்தானுக்கு என்ன பயம் இருக்கும்?

— சுடலைராஜ் எஞ்சினைப் பாக்கட்டும். குழாய்க்கு நேத்தே ஆளு பேசியாச்சி. பெர்சி போனை வச்சதும், நீ எப்படியும் இந்தத் தடவை ஜெயிச்சிருவன்னு தெரிஞ்சி போச்சில்லா.

— நம்ம சொந்தத்துல வேற யாருக்கா இருக்கா? யாரு அது?

— நான்.

— நீயா? பொம்பளைய வள்ளத்துல ஏத்த அவன் எப்படிக்கா சம்மதிப்பான்?

— நேத்து மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன். கையக்கூடக் கழுவாம விழுந்து விழுந்து சிரிச்சான்ல. ஒன் தம்பியாவது ஒரு நாள் மனசு மாறுவான், எந்தப் பொம்பளையும் தன் தாலியத் தானே அறுக்கமாட்டா, திங்கக்கிழமையிலயிருந்து நீயே வாளான்னுட்டான்.