ரூம் பார்க்க வந்த சித்தப்பா

அதெல்லாம் போதும் சித்தப்பா, தாராளமாப் போதும். நீங்க மொதல்ல கால நீட்டி வசதியா உக்காருங்க. ஆபீஸ் வேலையா இவ்வளவு தூரம் வந்தவர், அண்ணன் பொண்ணயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. வந்ததும் வராததுமா, பிஎச்டிக்குக் குடுக்குற ஸ்டைபெண்ட் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுப்படியாகுதான்னு கேக்குறீங்க. புரியுது. உங்க பொண்ணு குட்டிக்கும் இங்கயே பிஎச்டி சீட்டு கெடச்சிருக்கு, பெத்தவருக்குக் கவலை இருக்காதா.

சாப்பாடா? அதுக்கு நான் அவ்வளவா செலவே பண்றதில்ல. யுனிவர்சிட்டில தெனம் ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட்ல செமினார் நடக்கும். செமினார்னா மத்தியானச் சாப்பாடு உண்டு. நான் படிக்குறது மண்ணப் பத்தி. ஆனா போன வாரம் மட்டும் வௌவால், பழைய நாணயம், முழங்கால் ஆபரேஷன் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சாச்சு. சும்மா சாப்பிட்டு எந்திரிச்சா மொறைப்பாங்க. அதனால கைவசம் ஒரு கேள்வி வச்சிருக்கேன். இத அடுத்து எப்படிக் கொண்டுபோகலாம்னு இருக்கீங்க? அவ்வளவுதான். எந்தப் பேச்சுக்கும் பொருந்தும். பேசினவருக்கு சந்தோஷம் தாங்காது.

ஒரே ஒரு தடவ மாட்டிக்கிட்டேன். லேட்டாப் போயி, தட்ட நெரப்பிக்கிட்டு கடைசி வரிசைல உக்காந்துட்டேன். மேடைல ஒரு புரொபசர் போட்டோ. அவர்தான் பேசி முடிச்சிருப்பார்னு நெனச்சு கையத் தூக்கிக் கேட்டுட்டேன். அது அவருக்கு இரங்கல் கூட்டம் சித்தப்பா. பதில் சொல்ல எந்திரிச்சது அவர் சம்சாரம்.

பாத்து, டீ சிந்தப் போகுது.

குளுருதா? ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் போடுறதில்ல. மூடுற வரைக்கும் லைப்ரரில கெடப்பேன், அங்க கதகதன்னு இருக்கும். என் கைடு என்னைப் பயங்கர உழைப்பாளின்னு நம்பிக்கிட்டிருக்கார் பாவம்.

ஆமா, ரெண்டு கட்டில்தான். கூட இருந்தவ படிப்ப முடிச்சுட்டுப் போயிட்டா.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? சரி, உங்ககிட்ட என்ன மறைக்குறது. அந்த ஸ்டைபெண்ட் ஒருத்திக்குப் பத்தாது. அவ போனதுலேருந்து முழு வாடகையும் என் தலைல. அப்பாகிட்டக் கேட்டா, போதும் கெளம்பி வான்னுடுவார். பாதிப் படிப்போட அங்க வந்து நிக்க எனக்கு மனசில்ல. அதோட தனியா இருக்கவும் பிடிக்கல, அதான் நெஜம். ஆனா ரெண்டு பேர்னா சத்தியமாப் போதும். நீங்க உக்காந்திருக்குற கட்டில் குட்டிக்குத்தான். பெட்ஷீட்கூட அவளுக்குப் பிடிச்ச மஞ்சள்ல வாங்கி விரிச்சிருக்கேன். ஒண்ணாந்தேதிலேருந்து என் தங்கச்சி வந்துடுவான்னு ஹவுஸ் ஓனர்கிட்டயும் சொல்லியாச்சு.

அவளயா? அவள என்னத்தக் கேக்குறது. சீட்டுக்குச் சரின்னு போன வாரமே பதில் அனுப்பிட்டா. எங்கப்பாகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு அக்கான்னு என்கிட்ட விட்டிருக்கா.