நானூறு என்று ஒட்டிய பெட்டி

இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு குட்டைக் கேபிள்தான் இருந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். எனக்கு வயது பதினேழு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். என்னைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். அக்காவின் கணவரான மாமாவின் வேன் பட்டறையில் கேபிள் வெட்டி முனை பொருத்துகிறேன். பட்டறை மாடியில் அவர்களோடு குடியிருக்கிறேன். இன்று பெட்ரோல் பங்க் வாசலில் வேனை மறித்தது பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டதற்கு நான் சொல்வதாவது:

படுக்கையும் அடுப்பும் வைத்த பயண வேன்களுக்கு நாங்கள் பேட்டரி மாட்டுகிறோம். வழக்கமாகப் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இரண்டு கேபிள் போடுவோம். அப்போது இருநூறும் இருநூறும் சேர்ந்து நானூறு ஆம்பியர் மணி வரும்; பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். மாமா அந்தக் கூட்டுத்தொகையை எழுதிப் பேட்டரிப் பெட்டியின் மூடியில் ஒட்டுவார். இந்த வேனுக்கு இருபத்துநாலு வோல்ட் தேவை என்பதால் ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கொடுத்து வரிசையாக இணைத்திருந்தார். அப்படி இணைத்தால் வோல்ட்தான் இரட்டிப்பாகும், ஆம்பியர் மணி இருநூறிலேயே நிற்கும். கைப்பழக்கத்தில் நானூறு என்றே ஒட்டிவிட்டார்.

"மாமா, இதுல இருநூறுதானே வரும்?" என்று கேட்டேன். "பெட்டிக்குள்ள ரெண்டு இருக்குல்ல? ஒண்ண நான் முழுங்கிட்டேனா? போய் வேலையப் பாரு" என்றார்.

அதன்பின் வேன்காரரும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாவின் மூக்கில் குழாய் இருந்தது, ஆக்சிஜன் மெஷினை மடியில் வைத்திருந்தார். வேன்காரர் மூடியைப் பார்த்து, போனில் இருபத்துநாலை நானூறால் பெருக்கி, "மலை மேல கரண்ட் இல்லன்னா என்னம்மா, விடிய விடிய ஓடும்" என்றார். "நின்னுச்சுன்னா நீதான் உக்காந்து ஊதணும்" என்று அந்த அம்மா சிரித்தார், சிரித்ததும் இருமினார், இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. பாதி ராத்திரியிலேயே மெஷின் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நான் துணியால் மூடியின் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேன் கிளம்பிய பின் மாமாவிடம் மறுபடி சொன்னேன். "இப்பக் கூப்பிட்டு என்னன்னு சொல்றது? மானம் போயிடும்" என்றார். நானே வேன்காரருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. படி ஏறினேன், இறங்கினேன், மறுபடி போன் செய்தேன். அதன்பின் அக்காவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பங்கில் டீசல் போட்டுவிட்டு வேன் வெளியே வந்துகொண்டிருந்தது. கை காட்டினேன், பார்க்கவில்லை. சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டு முன்சக்கரத்துக்கு நேராக உட்கார்ந்துவிட்டேன்.

வேன்காரர் இறங்கி, "சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? எந்திரி" என்றார். நான் எழவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. யாரோ உங்களுக்குப் போன் செய்தார்கள். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி, "என்ன கண்ணு, என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய், "மூடியில தப்பா ஒட்டிட்டோம்மா, மெஷின் விடியற வரைக்கும் ஓடாது" என்று சொன்னேன்.

நான் சொன்னபடி எழுதி, அக்கா முன்னிலையில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை.

கையொப்பம்