பக்கத்து நாற்காலி

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வேலையில் பிழை குறையும். இதைப் பன்னிரண்டு வருடமாக நம்பி வந்திருக்கிறேன். இப்போதும் நம்புகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுவது இரண்டிரண்டு பேராகத்தான். ஒரு மேசை, ஒரு திரை, ஒரு கீபோர்டு, இரண்டு நாற்காலி. ஒருவர் தட்டுவார், மற்றவர் பார்ப்பார். பார்ப்பவருக்குக் கையில் வேலை இல்லை, வாயில் உண்டு. பிழை கண்ணில் பட்டால் அந்த நொடியே சொல்ல வேண்டும். முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்க வைக்கிற மாதிரி ஒரு சின்ன மணி மேசைமேல் இருக்கும். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அடித்ததும் நாற்காலி மாறுவோம். எழுதியதைச் சேமிக்கும்போது இரண்டு பேர் பெயரும் பதிவாக வேண்டும்.

என் ஜோடி என் தங்கையின் கணவர். அவரை அங்கே சேர்த்துவிட்டவன் நான். விரல் வேகம் அவருக்கு, கண் எனக்கு. தட்டிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், “சரியா மச்சான்?” என்பார். சரியாக இருந்தால் “ம்” என்பேன். இல்லாவிட்டால் “மாப்ள, நில்லு” என்பேன். நின்றுவிடுவார். ஏன் என்று கேட்டதே இல்லை. நான் “ம்” என்று சொன்ன வரியை அவர் மறுபடி படித்ததும் இல்லை.

நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு அவரைக் குழுத் தலைவர் ஆக்கினார்கள். அறிவித்தபோது முதலில் கை தட்டியது நான்தான்.

அன்று மாலை எல்லோரும் கேக் தின்றுகொண்டு நின்றோம். சோதனைப் பிரிவுப் பெண் மாப்பிள்ளையிடம் கேட்டாள்: “அப்போ உங்க மச்சான் இனிமே யார் பக்கத்துல?”

“என் பக்கத்துலதான். உக்காந்து உக்காந்தே சம்பளம் வாங்குற ஒரே மனுஷன் எங்க மச்சான். அந்த நாற்காலியை வேற யாருக்குக் குடுக்கிறது?”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சொல்லும்போது என் தோளில் கை போட்டிருந்தார். பிரியமாகத்தான் சொன்னார். அது எனக்கு அப்போதே தெரியும். ஆகவே அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து வந்தது ஒரு மருத்துவமனை வேலை. நோயாளி ஒவ்வொருவருக்கும் இணையத்தில் ஒரு பக்கம். பெயர், தொலைபேசி எண், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். நர்ஸும் எழுதலாம், முன் மேசை எழுத்தரும் எழுதலாம்.

மார்ச் நான்காம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சேமிக்கும் பகுதியை மாப்பிள்ளை எழுதினார். ஒரே பக்கத்தை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் எழுதினார். பின்னால் சேமிப்பவரின் பக்கம் முன்னால் சேமித்தவரின் பக்கத்தை முழுதாக விழுங்கிவிடும். நர்ஸ் ஒரு வரி சேர்த்திருப்பாள். எழுத்தர் முன்பே திறந்து வைத்த பக்கத்தில் அந்த வரி இருக்காது. அவர் ஒரு எண்ணைத் திருத்திச் சேமித்தால் நர்ஸின் வரி போய்விடும். எச்சரிக்கையும் வராது.

நான் பார்த்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். “மாப்ள” என்று நாக்கு நுனிவரை வந்தது.

“சரியா மச்சான்?” என்றார்.

“ம்” என்றேன்.

அவசரத்தில் என் பெயரைச் சேர்க்காமலே சேமித்தார். அதையும் பார்த்தேன். மணி அடித்தது. நாற்காலி மாறினோம்.

யாருக்கும் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் எதிரில் அது தடுக்கி விழும். நான் எழுந்து சரிசெய்வேன். என் கணினியில் திருத்தத்தை எழுதியும் வைத்திருந்தேன். ஒன்பது வரி.

வெள்ளிக்கிழமை ஒரே ஒருவர்தான் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எதுவும் விழவில்லை. கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்கடுத்த திங்கட்கிழமை, இரண்டு திங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிப் பதினொரு திங்கட்கிழமை. ஒன்பது வரியும் என்னிடம் பத்திரமாக இருந்தன.

மே இருபதாம் தேதி ஒரு தையல்காரர் விரலில் ஊசி ஏறிச் சீழ் பிடித்து அங்கே வந்தார். நாற்பத்தொரு வயது. அவருக்கு எந்த ஊசிமருந்து ஆகாது என்று மனைவி இரண்டு முறை சொன்னாளாம். நர்ஸ் பதிந்தாள். அதே நிமிடம் முன் மேசை எழுத்தர் அவருடைய தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கத்தைத் திருத்திச் சேமித்தார். மருத்துவர் திறந்தபோது பக்கம் சுத்தமாக இருந்தது. ஊசி போட்டார்கள். நாற்பது நிமிடத்தில் உயிர் போய்விட்டது.

“நான் எழுதினேன், எழுதினேன்” என்று நர்ஸ் சொன்னாள். யாரும் நம்பவில்லை. வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

தையல்காரர் கடை இருந்த தெருவுக்கு ஒருநாள் போனேன். பூட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பள்ளிச் சீருடை தொங்கியது. ஒரு கை தைத்திருந்தது. இன்னொன்று இல்லை. யாருடைய பிள்ளைக்கோ. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பிழையை இரண்டு வாரம் தேடிக் கண்டுபிடித்தது மாப்பிள்ளைதான். யாரும் அவரைத் தேடச் சொல்லவில்லை. கண்டுபிடித்த அன்று நேராக என்னிடம் வந்தார்.

“அந்த நர்ஸ் பொண்ணு மேல பழி போகக்கூடாது மச்சான். எழுதினது நான். நானே போய்ச் சொல்லிடறேன்” என்றார். பிறகு, “உங்க கண்ணுக்கே படலைன்னா வேற யார் கண்ணுக்குப் பட்டிருக்கும்?” என்றார்.

“ம்” என்றேன்.

போய்ச் சொன்னார். நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இவருக்குப் போனது. வழக்கும் வந்தது. பதிவில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

தங்கை தொலைபேசியில் அழவில்லை. அழுதிருக்கலாம். “அண்ணா, அவர் தனியா பண்ணின தப்புன்னு ஆச்சுன்னா ஜெயில்தான்னு வக்கீல் சொல்றார். நீ பக்கத்துலதானே இருந்த? நடந்தது நடந்தபடி சொல்லிடுண்ணா. உன்னைவிட்டா எங்களுக்கு யாரு?”

“சொல்றேம்மா.”

சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வழியில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

விசாரணை அதிகாரி கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு வேறு வேலையாகப் போயிருந்தார். மறுநாள் படிப்பாராம். வாக்குமூலத்தைத் தட்ட வந்தவர் வயதான எழுத்தர். வழக்கு என்னவென்று அவருக்குத் தெரியாது. அன்று நான் ஏழாவது ஆள். எதிர் நாற்காலிக்குக் கால் உடைந்திருந்ததால் அவர் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்.

“திரை தெரியுதா சார்? தப்பா அடிச்சா சொல்லுங்க. எனக்குக் கண்ணாடி மாத்தணும், பென்ஷனுக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் யோசனை.”

தெரிந்தது. என் கதவிலக்கத்தைத் தவறாக அடித்தார், சொன்னேன். மாப்பிள்ளையை என் அண்ணன் என்று அடித்தார், சொன்னேன். ஓர் இடத்தில் முற்றுப்புள்ளி இரண்டு விழுந்துவிட்டது. அதையும் சொன்னேன்.

“தினமும் வந்து பக்கத்துல உக்காருங்க சார். பாதி வேலை மிச்சம்” என்று சிரித்தார்.

கடைசிக் கேள்வி, பிழையை நான் எப்போது கவனித்தேன் என்பது. “அது எழுதின அன்னைக்கே பார்த்தேன். மார்ச் நாலு. யார்கிட்டயும் சொல்லலை” என்றேன்.

அவர் நிமிரவில்லை. அதிகாரி வைத்துவிட்டுப் போன தாளில் வழக்கின் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் தட்டினார். பார்வை ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. திரையில், மே இருபதாம் தேதி கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை என்று விழுந்தது.

தையல்காரர் இறந்த தேதி. அதன்படி பார்த்தால் நான் எல்லாம் முடிந்தபிறகு தெரிந்துகொண்டவன். சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் இரண்டு வாரம் வாய் மூடியிருந்தவன். யாராக இருந்தாலும் பரிதாபப்படுவார்கள். மார்ச் நான்காம் தேதிப் பிழை மாப்பிள்ளை ஒருவருடையதே என்று ஆகிவிடும்.

எழுத்தரின் விரல் பொத்தான்மேல் நின்றது.

“சரியா சார்?”

“ம்” என்றேன்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். தட்டியது அவர்.