கை ஆடிக்கிட்டே இருந்துச்சு

கடலூருக்கெல்லாம் என்னால வர முடியாது தம்பி. அதுக்காவ எழுந்திருக்காதீங்க, ஒக்காருங்க. சங்கத்துக்காரரு, எங்களுக்காவத்தான் அலையுறீங்க, இல்லங்கல. எங்க வூட்டுக்காரரு செத்ததப் பத்தி அதிகாரி முன்னால நான் வாயத் தொறந்தாத்தான் கம்பெனி மேல கேசு நிக்கும்ங்கிறீங்க. நடந்தத இங்க சொல்றேன், கேட்டுக்குங்க. அங்க வந்து சொல்ல மாட்டேன்.

அவுருக்கு பொம்ம வாக்குற வேல. பக்கிரின்னா பீங்கான் பேட்டையில எல்லாருக்கும் தெரியும். அச்சுல மண்ணுக்கூழ ஊத்திட்டு, அது இறுகுற வரைக்கும் சும்மா நிக்கணும். நிக்கிறதுதான் தம்பி வேலையே. அவசரப்பட்டுத் தொறந்தா பொம்மைக்கு மூக்கு இருக்காது. இதெல்லாம் தெரியாத எவனோ, கையில கட்டிக்கச் சொல்லி ஆளுக்கொரு பட்டையக் கொண்டாந்து குடுத்தான். ஆமா, வாச்சு மாரியேதான் இருக்கும். கை ஆடுனா சூப்பருவைசரு கம்ப்யூட்டருல பச்ச, ஆடலன்னா செவப்பு. செவப்பு வந்தா கூலியில புடிப்பு. ஒண்ணுக்குப் போனாக்கூட காட்டிக் குடுத்துரும். கட்டுன பொண்டாட்டி நானே அவுர அப்படி வேவு பாத்தது கெடையாது.

என்னா பண்ணுவாங்க? அச்சு முன்னால நின்னுக்கிட்டு, பைத்தியம் புடிச்சாப்புல கைய ஆட்டிக்கிட்டு கெடந்தாங்க அத்தன பேரும். அப்பறம் யாரோ ஒருத்தன் யோசன கண்டுபுடிச்சான். மண்ணு சலிக்கிற மிசினு இருக்குதில்ல, அது நாளெல்லாம் உதறிக்கிட்டே கெடக்கும். அதோட கம்பியில பட்டைய அவுத்து மாட்டிட்டாங்க. அன்னியிலேர்ந்து எல்லாரும் பச்சதான். சூப்பருவைசருக்குத் தெரியாதான்னா கேக்குறீங்க? அந்த சூப்பருவைசரு திருமாலு தெனம் அந்த மிசினத் தாண்டித்தான் டீக்குப் போவாரு. பச்சையாக் காட்டுனா மொதலாளிகிட்ட அவுருக்குத்தான நல்ல பேரு. கம்ப்யூட்டருக்கு அவுரு சாட்சி, அவுருக்கு கம்ப்யூட்டரு சாட்சி. வேலிக்கு ஓணான், ஓணானுக்கு வேலி.

அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு நெஞ்ச அடைக்குதுன்னு சூளைக்குப் பின்னால போயி சாஞ்சிருக்காரு. யாருகிட்டயும் சொல்லல. மத்தியானம் சோத்துக்கு ஆளக் காணுமேன்னு நான் திருமாலுக்கு போனு போட்டேன். எழுந்து போயி பாத்தா கொறஞ்சா பூடுவாரு? ஒக்காந்த எடத்துலயே கம்ப்யூட்டரப் பாத்துட்டு, ஒன் வூட்டுக்காரரு வேலையிலதாம்மா இருக்காரு, கை ஆடிக்கிட்டே இருக்குதுன்னாரு. நானும் நம்பி, சோத்த மூடி வச்சிட்டு துணி தொவைக்கப் போயிட்டேன்.

சாயங்காலம் கரண்டு போயி மிசினு நின்னுருக்குது. செவப்பு வந்துரும்னு எல்லாரும் ஓடிப்போயி அவுங்கவுங்க பட்டைய எடுத்து மாட்டிக்கிட்டாங்க. ஒரு பட்ட மட்டும் கம்பியிலயே தொங்கிச்சாம். அதப் பாத்தப்பறந்தான் ஆளு எங்கன்னு தேடியிருக்காங்க. மத்தியானமே தூக்கியாந்திருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு.

இப்ப கம்பெனி என்னா சொல்லுது, நீங்களும் கேட்டிருப்பீங்க. பட்டைய அவுத்தது அவுரு தப்பாம். இத்தன நாளு எல்லாரும் அவுத்தப்போ யாருக்கும் தப்பாத் தெரியல. வயிறு எரியுது தம்பி. நல்லாவா இருப்பானுங்க?

பயமா? அந்தாளே போயிட்டாரு, இனிமே எனக்கென்னா பயம். கம்பெனிக்காரன் என் வாய அடச்சிட்டான்னு ஊருல பேசுறாங்களா? பேசட்டும், பேசுறவுங்க வாய நான் அடைக்க முடியுமா.

சரி, நீங்க பொறப்புடுங்க, ஒல வைக்கணும். கனிமொழி பசியோட வந்து நிப்பா. எங்க பொண்ணுதான், போன தடவ ஒங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தாளே, அவதான். காலேஜா? அத வுட்டாச்சு தம்பி. திங்கக்கெழமையிலேர்ந்து அவுங்க அப்பா எடத்துல அவளச் சேத்துக்கிட்டாங்க. காலையில நாந்தான் அவ கையில பட்டையக் கட்டி வுட்டேன். என்னா ஆனாலும் இத அவுத்துராதடின்னு சொல்லித்தான் அனுப்புனேன்.