கண்டக்டர் வேட்பாளரின் பதில்கள்

நிருபர்: கதவைத் திறந்து முகத்தை மட்டும் காட்டினாக்கூடப் போதும் சார்.

சின்னவர்: முடியாதும்மா. அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேஷன். பத்து நாளைக்கு மூச்சு விடலாம், பேச்சு விடக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். வெளியாள் உள்ள போனா கிருமி ஒட்டிக்குமாம்.

நிருபர்: ஓட்டுப் போட ஒன்பது நாள்தானே இருக்கு?

சின்னவர்: நானும் அதைத்தான் கேட்டேன். கிருமிக்குத் தேர்தல் தேதியெல்லாம் தெரியாதுங்கறார்.

நிருபர்: வீட்ல வேற யாரும் இல்லையா?

சின்னவர்: எல்லாரும் பிரசாரத்துக்குப் போயாச்சு. நானும் அவரும்தான். ஏன்?

நிருபர்: சும்மா கேட்டேன். காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?

சின்னவர்: பேட்டி அண்ணன்கிட்டயா, என்கிட்டயா?

நிருபர்: முகம் வாடியிருக்கு, அதான் கேட்டேன். போனையும் அணைச்சு வெச்சிருக்கீங்க.

சின்னவர்: பின்ன? காலையில இருந்து 'பெரியவர் எங்க, பெரியவர் எங்க'ன்னு இருநூறு பேர். சட்டசபைக்கு நிக்கறவர் ஒரு வாரம் படுத்தா உலகமே கவிழ்ந்த மாதிரி... அதை விடு. விஷயத்துக்கு வா.

நிருபர்: விஷயம் தெரிஞ்சதுதான் சார். நாலு வேட்பாளரும் எதுல என்ன நிலைன்னு எங்க பேப்பர்ல கட்டம் போட்டு வருது. மூணு பேர் குடுத்துட்டாங்க. பெரியவர் கட்டம் மட்டும் காலி.

சின்னவர்: கட்டம் காலின்னா ஆளே காலின்னு கிளப்பி விட்டுடுவானுங்க. இந்தா, அஞ்சு கேள்விக்கும் பதில் டைப் அடிச்சே வெச்சிருக்கேன். அந்தக் கடைசி, குவாரிக் கேள்வி இருக்கு பாரு... அது மட்டும் அச்சுல பிசகாம வரணும். 'குவாரி நடக்கலாம்.'

நிருபர்: வேட்பாளரே சொன்ன பதிலைத்தான் போடுவோம். தம்பி சொன்னான், மச்சான் சொன்னான்னு போனா ஆசிரியர் காகிதத்தைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவார்.

சின்னவர்: தெரியும்மா. அதுக்கும் வழி வெச்சிருக்கேன். நீ இங்கிருந்தே கேளு. அவர் உள்ள இருந்து கதவுல தட்டுவார். ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்லை. அவர் தட்டினா அவர் சொன்ன மாதிரிதானே?

நிருபர்: உள்ள... அவர் இருக்காரா?

சின்னவர்: பின்ன யாரு, பூனையா? மணி மூணாகட்டும். மருந்து சாப்பிட்டா கொஞ்சம் கண்ணசருவார்... ஆ, கேட்டியா?

நிருபர்: என்ன?

சின்னவர்: பின்வாசல் தாழ்ப்பாள்.

நிருபர்: படுத்திருக்கிறவர் பின்வாசலை எதுக்குத் திறக்கறார்?

சின்னவர்: காத்துக்கு! நீ நிருபரா, போலீசா? கேள்வியை ஆரம்பி.

நிருபர்: அவசரமில்லை சார். கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்து பேசிட்டிருக்கலாமே. நான் டீ போட்டுக் குடுக்கட்டுமா?

சின்னவர்: இப்பதானே கட்டம் காலி, கட்டம் காலின்னே? கேளும்மா.

நிருபர்: சரி... முதல் கேள்வி. அரசாங்க ஆஸ்பத்திரியில ராத்திரியும் ஒரு டாக்டர் கட்டாயம் இருக்கணும்னு சட்டசபையில கேப்பீங்களா?

கதவு: டொக் டொக்.

நிருபர்: ஐயோ!

சின்னவர்: என்னம்மா இப்படித் துள்ளுறே?

நிருபர்: உள்ள... யாரோ இருக்காங்க சார்.

சின்னவர்: அதைத்தானே அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கேன்! ஆனா ரெண்டு தட்டுன்னா இல்லைன்னு ஆயிடுதே. அண்ணே! ஒண்ணு ஆமா, ரெண்டு இல்லை. யோசிச்சுத் தட்டுங்க.

கதவு: டொக் டொக்.

சின்னவர்: கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன்...

நிருபர்: யாருக்கு?

சின்னவர்: ம்? இல்ல... ஆங்! அண்ணன் பழைய கண்டக்டர் இல்லையா? இருபத்தாறு வருஷம். பஸ்ல ரெண்டு தட்டினா 'போகலாம்', ஒரு தட்டு தட்டினா 'நிறுத்து'. கை அந்தப் பழக்கத்துலயே போகுது. நாமளும் அப்படியே வெச்சுக்குவோம். ரெண்டு ஆமா, ஒண்ணு இல்லை.

நிருபர்: அவர் காசாலதான் தட்டுவார். விரலிடுக்குல ஒரு காசைப் பிடிச்சு, கம்பியில...

சின்னவர்: அது உனக்கெப்படித் தெரியும்?

நிருபர்: பஸ் ஏறாதவங்க உண்டா சார்? கேளுங்களேன், இதுவும் காசுச் சத்தம் மாதிரியே இருக்கு.

சின்னவர்: வளையல்... மோதிரமா இருக்கும். அடுத்தது கேளு.

நிருபர்: தெருக்குழாயை எடுத்துட்டு வீட்டுக்கு வீடு மீட்டர் போடப் போறாங்க. ஒண்டுக் குடித்தனக்காரங்களும் காசு கட்டணும். அதுக்குச் சம்மதமா?

கதவு: டொக்.

சின்னவர்: அண்ணே! கட்சியில சம்மதம்னு சொல்லியாச்சு!

கதவு: டொக்.

நிருபர்: சம்மதமில்லைன்னு எழுதிக்கறேன்.

சின்னவர்: பென்சில்ல எழுது. அப்புறம் நான் பேசிக்கறேன்.

நிருபர்: மூணாவது. வாய்க்கால் கரையில இருக்கிற நூத்திநாப்பது வீட்டையும்...

கதவு: டொக்.

நிருபர்: நான் இன்னும் கேட்டே முடிக்கலையே.

சின்னவர்: அவருக்குத் தெரியும், என்ன கேக்கப் போறேன்னு. பேப்பரைப் பாத்திருப்பார்.

நிருபர்: கேள்விகளை நேத்து உங்ககிட்ட மட்டும்தானே குடுத்தோம்.

சின்னவர்: ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானேம்மா. இடிக்கக்கூடாதுங்கறார். எழுதிட்டு நகரு.

நிருபர்: சார், சத்தம் எங்கிருந்து வருதுன்னு கவனிச்சீங்களா?

சின்னவர்: கதவுல இருந்து.

நிருபர்: முதல்ல தாழ்ப்பாள் உயரத்துல இருந்துச்சு. இப்ப கீழ வந்துடுச்சு. தரையோட தரையா.

சின்னவர்: நிக்க முடியாம உட்கார்ந்திருப்பார். வேற ஒண்ணுமில்லை.

நிருபர்: உங்களுக்கு இப்படி வேர்க்குதே. தண்ணி குடிங்க.

சின்னவர்: நான் நல்லாத்தான் இருக்கேன். நாலாவது.

நிருபர்: ஆள் ஏறாத பஸ் ரூட்டையெல்லாம் நிறுத்திடலாம்னு ஒரு திட்டம் இருக்கு. அதை ஆதரிக்கிறீங்களா?

கதவு: டொக்!

சின்னவர்: மெதுவா! பலகை பிளந்துக்கப் போகுது!

நிருபர்: ஐயா... உங்களை இன்னொண்ணு கேக்கலாமா? தாள்ல இல்லாதது.

சின்னவர்: கூடாது.

நிருபர்: கடைசி நிறுத்தத்துல ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஏறுவா. படுத்த படுக்கையா இருந்த அம்மாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு, ஒரு கையில செருப்பும் ஒரு கையில பையுமா ஓடி வருவா. டிரைவர் திட்டத் திட்ட, நீங்க அவளுக்காக பஸ்ஸை நிறுத்தி வைப்பீங்க. தினமும் எத்தனை நிமிஷம்னு ஞாபகம் இருக்கா?

சின்னவர்: இதென்ன கொள்கையா? கிறுக்குத்தனமா...

கதவு: டொக். டொக். டொக். டொக்.

சின்னவர்: ஏம்மா, எதுக்கு அழறே?

நிருபர்: நாலு நிமிஷம்தான் சார். அதுல ஒண்ணு குறைஞ்சிருந்தாலும் என் படிப்பு அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இது நான் யார்கிட்டயும் சொன்னதில்லை.

சின்னவர்: அண்ணிக்கு இது எப்படித் தெரியும்?

நிருபர்: அண்ணிக்கா?

சின்னவர்: அண்ணனுக்குன்னேன்.

நிருபர்: நீங்க அண்ணின்னுதான் சொன்னீங்க. சார், இத்தோட போதும். வாங்க, வெளிய மரத்தடியில போய் உட்காரலாம்.

சின்னவர்: குவாரிக் கேள்வி பாக்கி இருக்கு. அதை நானே கேக்கறேன். அண்ணே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கிற கல்குவாரி தொடர்ந்து நடக்கணுமா?

கதவு: டொக்.

சின்னவர்: நல்லாக் கேட்டுக்கோங்க. முப்பது பேர் வேலை செய்யறாங்க.

கதவு: டொக்.

நிருபர்: வெடி வெச்சு மூணாம் வகுப்புச் சுவர்ல கை நுழையற அளவுக்கு விரிசல் விட்டிருக்கு சார். அந்தக் குவாரி உங்களோடதா?

சின்னவர்: என்னோடதுதான்! வீடு, நிலம், என் பொண்டாட்டி நகை, எல்லாத்தையும் அதுலதான் போட்டிருக்கேன். லைசென்ஸ் புதுப்பிக்கலைன்னா நான் தெருவுல நிக்கணும். வேட்பாளரே குவாரி வேண்டாம்னு சொன்னதா பேப்பர்ல வந்தா, நாளைக்கு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவான்?

கதவு: டொக்.

சின்னவர்: நிறுத்துங்க அண்ணி! போதும்! நான் எழுதிக் குடுத்தது என்ன, நீங்க தட்டறது என்ன? வெளிய வாங்க!

நிருபர்: சார்... உள்ள இருக்கிறது அவங்கன்னுதானா இவ்வளவு நேரமா நினைச்சிட்டிருந்தீங்க?

சின்னவர்: ஆமா, நாடகம்தான். போய் அதையும் எழுதிக்கோ! அண்ணன் மூணு நாளா ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடக்கறார். மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சாம். அண்ணியை மூணு மணிக்குப் பின்வாசல் வழியா வந்து தட்டச் சொல்லியிருந்தேன்.

நிருபர்: அவங்க சரின்னாங்களா?

சின்னவர்: சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டுதே, அப்ப வந்துட்டாங்கன்னு...

நிருபர்: வாசலைப் பாருங்க சார்.

சின்னவர்: வாசல்ல என்ன?

நிருபர்: ஆட்டோவுல இருந்து இறங்கறாங்க பாருங்க.

அண்ணி: தம்பி...

சின்னவர்: அண்ணி? நீங்க... இந்தப் பக்கமா... அப்ப உள்ள இருந்து...

அண்ணி: போனை ஏன்பா அணைச்சு வெச்சே? எத்தனை தடவை கூப்பிட்டேன். காலையில பத்தே முக்காலுக்கு... உங்கண்ணன் நம்மளை விட்டுட்டுப் போயிட்டார்பா.

சின்னவர்: அண்ணே!

அண்ணி: உட்காரு. மெதுவா. பாப்பா, அவன் தோளைப் பிடிச்சுக்கோ.

சின்னவர்: உனக்கு... உனக்குத் தெரியுமா?

நிருபர்: தெரியும் சார். காலையில நானும் அங்கதான் இருந்தேன்.

அண்ணி: நான்தான் அனுப்பினேன். கையெழுத்தெல்லாம் போட்டு அவரைக் கூட்டிட்டு வர நேரமாகும்னுட்டாங்க, வண்டி இப்பத்தான் பின்னாடி வருது. அதுக்குள்ள எவனாவது வந்து வாசல்ல நின்னு சொல்லி, நீ ஒத்தையில கேட்டா தாங்க மாட்டியேன்னு இருந்துச்சு. நான் வர்ற வரைக்கும் பக்கத்துல இரும்மா, ஏதாவது பேச்சுக் குடுத்திட்டிருன்னு சொன்னேன்.

நிருபர்: என் கையில அந்தக் கேள்வித்தாள்தான் இருந்துச்சு. வேற என்ன பேசறதுன்னு தெரியலை. மன்னிச்சிடுங்க சார்.

சின்னவர்: அப்ப கதவைத் தட்டினது யாரு?

அண்ணி: எந்தக் கதவை?

நிருபர்: அந்த ரூம் கதவைம்மா. ஒரு மணி நேரமா.

அண்ணி: அவர் விழுந்த அன்னிக்கே பூட்டினதுப்பா அது. பின்வாசலையும் பூட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரெண்டு சாவியும் என் பையிலதான்... இதோ.

கதவு: டொக்.

அண்ணி: கடவுளே.

நிருபர்: அம்மா, பயப்படாதீங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க.

அண்ணி: பயமில்லைடி கண்ணு. இத்தனை வருஷமா வேலை விட்டு வந்ததும் வாசக்கதவுல இப்படித்தான் காசால தட்டுவார். நான் ஈரக் கையோட ஓடிப் போய்த் திறப்பேன். இது அவர் தட்டுதான்.

சின்னவர்: கோவமா இருக்காரா அண்ணி?

அண்ணி: அவர் கோவப்பட்டா சாப்பிடாமப் போய்ப் படுத்துக்குவார். கதவையெல்லாம் தட்ட மாட்டார். ஒரு தட்டுன்னா எதையோ நிறுத்தச் சொல்றார். எதைப்பா? சொல்லுப்பா. நல்ல மனுஷன், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாம வாசப்படியிலேயே நிக்க வேண்டாம். அவரை அனுப்பி வைக்கணும்.

நிருபர்: சார், நாளைக்கு அவர் படத்துக்குப் பக்கத்துலயே இந்தக் கட்டமும் வரும். குவாரிக்கு நேரா 'பதில் இல்லை'ன்னே போட்டுடறேன். உள்ள கேட்டதை வெளிய சொன்னா யாரும் நம்பவும் மாட்டாங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சின்னவர்: வேண்டாம்மா. 'மூடணும்'னு எழுது, வேட்பாளரே சொன்ன பதில்தான். அன்னிக்குக் காலையில அந்த ரூம்ல வெச்சு, குவாரியை மூடிடுடா, பிள்ளைங்க உட்கார்ந்து படிக்கிற இடம்டான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். நான் கத்திட்டு, கதவை அடிச்சுச் சாத்திட்டு இங்க வந்து உட்கார்ந்தேன். உடனே ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கீழ, தரையோட தரையா ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. விட மாட்டேங்கறார், மறுபடியும் குவாரிப் பேச்சுதான்னு நினைச்சுக் கதவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன் அண்ணி... நீங்க கடையில இருந்து வர்ற வரைக்கும்.