மிளகாய் காய்க்கும் நாக்கு

நீதிபதி அம்மா அவர்களுக்கு,

என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய ஒரே பரிசு, ஒரு சோப்பு டப்பா, அதற்குத்தான். பெயர் தாமோதரன். முப்பத்தோரு வருடமாக உத்திரமேரூரில் மனு எழுதுகிறேன். காலையில் கோர்ட்டு எதிரே. மத்தியானம் அங்கே வெயில் வந்துவிடும் என்பதால் தாலுகா ஆபீஸ் மதிலோரம். இந்த இடமாற்றத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா மாறுதல், வாரிசு சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். இவற்றில் ஒரு நல்ல வாக்கியத்துக்கு இடமே கிடையாது. திட்டினார்கள் என்று வரும் புகார் மட்டும் வேறு. அதில் எதிராளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். ஆனால் தெருவில் கர்ஜிக்கிற ஜனங்கள், என் பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். "அசிங்கமா பேசிட்டாணா, நீயே போட்டுக்கோ" என்பார்கள். போட்டுக்கொள்வேன்.

ஏழு வருடத்துக்கு முன், ஓர் ஆடி மாதம், அங்கம்மாள் வந்தாள். அவளுக்கும் பக்கத்து வீட்டு சொக்கம்மாளுக்கும் நடுவே மார்பளவு மதில் ஒன்றுதான். நாற்று நட ஒன்றாகப் போவார்கள், ஒரே தூக்குச் சட்டியில் தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலில் அங்கம்மாள் வார்த்த கூழை ஒரு வாய் குடித்துவிட்டு சொக்கம்மாள் சொல்லியிருக்கிறாள்: "இன்னாடி இது, கூழா, கை கழுவுன தண்ணியா?"

"நாலு பேர் எதிர்ல கேட்டுட்டாணா. எம் மானமே பூடுச்சு."

அடுத்த வாரம் அவள் கூழைக் குடித்துவிட்டு நீயும் அதையே கேள் என்று அனுப்பியிருக்கலாம். நான் இளகிய மனசுக்காரன், நிச்சயம் சொல்லியிருப்பேன். ஆனால் பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது. கை கழுவின தண்ணீர் எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. ஆகவே எழுதினேன்: ‘உன் கை பட்டால் அம்மனே பட்டினி கிடப்பாள் என்று பொதுமக்கள் முன்னிலையில் இழிவாகப் பேசி.’

வாசித்துக் காட்டினேன்.

"இப்டியா சொன்னா?" என்றாள்.

"இதவிட மோசமா சொல்லியிருப்பா. உனக்குக் காது கேட்டிருக்காது."

பஸ் ஏறும்போது அங்கம்மாளுக்கு அது நன்றாகவே கேட்டுவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஏறினாள்.

பத்து நாள் கழித்து சொக்கம்மாள் வந்தாள். மத்தியானம், தாலுகா ஆபீஸ் மதிலோரம். ஸ்டேஷனில் புகாரைப் படித்துக் காட்டினார்களாம். "அம்மன் பட்டினின்னு நான் சொல்லுவனாணா? வாய் அயுகிடாதா?" என்று அழுதாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் உதவினால் நியாயமாகாது என்று தோன்றியது. அங்கம்மாள் சொன்னதாக எழுதினேன்: ‘உன் நாக்கை அறுத்து நட்டால் ஒரு போகத்துக்கு மிளகாய் காய்க்கும்.’ கொலை மிரட்டலும் அதிலேயே அடங்கிவிட்டது பாருங்கள். அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அது தானாக ஓடியது. கோழி, சாக்கடை, துணிக்கொடி. ஏழு வருடத்தில் பதினான்கு மனு. காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. எல்லாத் திட்டும் நான் எழுதியது.

மூன்றாம் வருடம் அங்கம்மாள் புருஷன் சுப்ரமணி இறந்துபோனார். சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள்; பக்கத்து வீட்டுச் சோறுதான். சொக்கம்மாள் உள்ளே போகவில்லை. ஒரு குண்டானைத் தட்டு போட்டு மூடி, மதில் மேல் வைத்துவிட்டு நின்றாளாம். யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் அங்கம்மாள் என்னிடம் வந்தாள்.

"குண்டான் வச்சிருந்தாணா. நான் தொறக்கல. அதுக்கு இன்னா அர்த்தம்?"

டாக்டரிடம் கேட்பது போலக் கேட்டாள். அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் வழக்கு அப்போது நன்றாக வளர்ந்து வந்தது.

"நக்கல்," என்றேன்.

‘துக்க வீட்டை ஏளனம் செய்யும் நோக்கில் காலிப் பாத்திரத்தை வைத்து’ என்று எழுதினேன். அவள் திறக்கவேயில்லை. ‘காலி’ நான் சேர்த்தது. அந்த ஒரு சொல்லில்தான் மனு எழுந்து நின்றது.

போன சனிக்கிழமை சமரசப் பேச்சில் நடந்தது உங்களுக்கே தெரியும்; நானும் வாசலில் நின்று கேட்டேன். இரண்டு வழக்குக் கட்டுகளும் அன்றுதான் முதல் தடவையாக ஒரே மேஜைக்கு வந்தன. மிளகாய் வரியை நீங்கள் உரக்கப் படித்தீர்கள். நன்றாகப் படித்தீர்கள், நன்றி. அங்கம்மாள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "இவ்ளோ நல்லா பேச வந்தா நான் ஏம்மா நாத்து நட்டுக்கினு கீறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றீர்கள். அந்த சோப்பு டப்பாவைப் பள்ளிக்கூடத்திலேயே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

இருவரும் வெளியே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் சொக்கம்மாளின் பை. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அந்தக் குண்டான்ல இன்னாடி வச்சிருந்த?" என்றாள் அங்கம்மாள்.

"ரசஞ்சோறு. அழுதழுது தொண்ட புண்ணாயிருக்கும்னு மொளகு கம்மியா போட்டேன்."

அங்கம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அத்த இன்னா பண்ண?"

"நாய்க்கு வச்சேன்."

"துன்னுச்சா?"

"மோந்து பாத்துட்டுப் பூடுச்சு."

"தண்ணியா வச்சிருப்ப."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அங்கம்மாள் சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டு அழுதாள். சொக்கம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பெஞ்சைத் தட்டினாள்.

"யோவ், பேப்பர் எடு. எங்க ரெண்டு பேர் பேர்லயும் ஒரு புகார் எழுது."

"யார் மேல?"

"உம்மேலதான்யா, பாவி."

எழுதினேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் உள்ள குற்றங்கள் அத்தனையும் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். என் சார்பாகச் சொல்ல ஒன்றுதான்: நான் என் வாயால் ஒருவரையும் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

அந்தப் புகாரின் மூன்றாம் பத்தியைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம். அவர்கள் என்னைச் சொன்னது வெறும் ‘பாவி’. அது கோர்ட்டில் நிற்காது. அதனால் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நன்றாக எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

"நாங்க இப்டி சொல்லலியே" என்றார்கள் இருவரும்.

"இதவிட மோசமா சொன்னீங்க," என்றேன். "உங்களுக்குக் காது கேட்டிருக்காது."